தில்லியில் ஐந்து நாள்கள்: அம்மாவையும் மகனையும் அழைத்துச் செல்ல வழி சொல்லுங்கள்

கோத்தகிரி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் அம்மாவையும் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனையும் அழைத்துக்கொண்டு முதன்முறையாகத் தில்லிக்குச் செல்லவிருக்கிறேன். ரயிலில் போய்வரும் நாள்களைக் கழித்தால், ஊரைப் பார்க்க முழுதாக ஐந்து நாள்கள் கிடைக்கும்.

இந்தப் பயணம் அம்மாவுக்காகத்தான். அவருக்கு 64 வயது. நுவரெலியா பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1975-இல், பதினான்கு வயதில், தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு குடும்பத்தோடு கோத்தகிரிக்கு அனுப்பப்பட்டவர். இங்கே 36 ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றார். திருப்பதியும் திருச்செந்தூரும் பார்த்துவிட்டார். இனி எங்கே போக ஆசை என்று கேட்டபோது, "எங்களை இந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்த ஊர் தில்லிதானே, அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்று சொன்னார். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை இரு நாடுகளும் பிரித்து ஏற்பது என்று, 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் தில்லியில் செய்துகொண்ட ஒப்பந்தத்தைத்தான் அவர் சொல்கிறார். அது கையெழுத்தானபோது அவருக்கு மூன்று வயது.

பயண நிறுவனங்கள் அனுப்பும் பட்டியல்களைப் பார்த்தால் இரண்டே நாளில் இருபது இடம் என்று போட்டிருக்கிறார்கள். மேடும் சரிவுமாக ஏறி இறங்கியே அம்மாவின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. சமதரையில் மெதுவாக நடப்பார், படிகள்தாம் சிரமம். மகனுக்கோ ரயில் என்றால் உயிர். குன்னூரில் மலை ரயிலைப் பார்த்தே வளர்ந்தவன், தில்லியிலும் முதலில் ரயில் சம்பந்தமான இடத்தைத்தான் கேட்கிறான்.

எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. எங்கள் விடுமுறை மே மாதத்திலும் டிசம்பர் கடைசியிலும் வருகிறது. குளிர் நமக்குப் பழக்கம்தானே என்று டிசம்பரில் போகலாமா? ஐந்து நாள்களில் எவற்றைப் பார்க்கலாம், எவற்றை விட்டுவிடலாம்? அம்மா கேட்டதற்குப் பொருந்துவதாக, அந்த ஒப்பந்தத்தோடு தொடர்புடையதாக, அவர் சற்று நேரம் நின்று பார்க்கும்படியான ஓர் இடம் தில்லியில் உண்டா? அங்கே வாழ்ந்தவர்களும் போய்வந்தவர்களும் பொறுமையாக எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

குன்னூர்வாசி (தில்லியில் 22 ஆண்டுகள் பணி)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து, இராமகிருஷ்ணபுரம் குடியிருப்பில் பிள்ளைகளை வளர்த்து, ஓய்வுக்குப் பின் குன்னூருக்கே திரும்பி வந்தவன் நான். உங்கள் மூன்றாவது கேள்விதான் முக்கியம் என்றாலும், முதலில் தேதி முடிவாக வேண்டும்.

டிசம்பர் வேண்டாம். நம் மலைக் குளிரும் தில்லிக் குளிரும் ஒன்றல்ல. இங்கே இரவில் உறைபனி விழுந்தாலும் காலை ஒன்பது மணிக்கு வெயில் வந்துவிடும், காற்றும் சுத்தமாக இருக்கும். தில்லியில் டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் குளிர்ந்த காற்று மேலே எழும்பாமல் தரையோடு படிந்து கிடப்பதால், வாகனப் புகையும் தூசியும் மூடுபனியோடு கலந்து ஊரின் மேலேயே நின்றுவிடுகின்றன; சில நாள்களில் பகலிலும் 15 டிகிரியைத் தாண்டாது. ஊட்டிக் குளிரைப் பார்த்தவன் என்ற துணிவில் முதல் ஆண்டு ஒரே ஸ்வெட்டரோடு போன நான் இரண்டு வாரம் இருமலில் படுத்தேன். மூடுபனியில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவதும் வழக்கம். மே மாதம் இதைவிடக் கடினம். வெயில் 40 டிகிரியைத் தாண்டி, சில நாள்களில் 45-ஐத் தொடும். 'லூ' என்று அங்கே சொல்லும் அனல்காற்று வீசும். கோத்தகிரியில் வாழ்ந்த உடம்பு அதைத் தாங்காது.

நீங்கள் குறிப்பிடாத விடுமுறை ஒன்று இருக்கிறதே, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறை, அதில் போங்கள். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும். பஞ்சாபிலும் அரியானாவிலும் அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சும் நெல் தாளை எரிக்கும் புகை இன்னும் பெருகியிருக்காது. பகலில் 34, 35 டிகிரி இருக்கும், அது நமக்கு வெயில்தான். காலையில் பதினொரு மணிக்குள் ஒன்று, மாலை நான்கு மணிக்கு மேல் ஒன்று என்று வைத்துக்கொண்டு, நடுப்பகலில் அறையிலோ ஏதேனும் அருங்காட்சியகத்திலோ இருங்கள். குடியரசுத் தலைவர் மாளிகையின் அமிர்தத் தோட்டம் பூத்துக் குலுங்குவது பிப்ரவரி, மார்ச்சில்தான். அது கிடைக்காமல் போவது ஓர் இழப்பு, ஆனால் ஊட்டித் தாவரவியல் பூங்காவைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி அம்மா கேட்டது. தில்லியில் யமுனைக் கரையோரச் சாலையில் நான்கு தலைவர்களின் நினைவிடங்கள் வரிசையாக இருக்கின்றன: காந்தியடிகளின் ராஜ்காட், இந்திரா காந்தியின் சக்திஸ்தல், நேருவின் சாந்திவனம், சாஸ்திரியின் விஜய்காட். ஒப்பந்தம் செய்து பதினைந்து மாதம்கூட ஆகாத நிலையில், 1966 ஜனவரி 11 அன்று, பாகிஸ்தானுடன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு முடித்த சில மணி நேரத்தில் தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். விஜய்காட்டில்தான் அவர் உடல் எரியூட்டப்பட்டது. ராஜ்காட்டுக்குப் பேருந்து பேருந்தாக மக்கள் வருவார்கள். விஜய்காட் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மரங்களும் புல்வெளியும் உண்டு, அம்மா உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நினைவிடங்களுக்கு இடையே நடந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள், ஒவ்வொன்றும் பெரிய வளாகம். ஓர் ஆட்டோவை அமர்த்திக்கொள்ளுங்கள்.

காந்தியடிகளைப் போலவே சாஸ்திரியும் பிறந்தது அக்டோபர் 2-ஆம் நாளில்தான், ஆண்டு 1904. ஆகவே அந்தக் காலையில் குடியரசுத் தலைவர், பிரதமர் உள்ளிட்டோர் இரண்டு இடங்களுக்கும் அஞ்சலி செலுத்த வருவார்கள், பாதுகாப்புக் கெடுபிடி கடுமையாக இருக்கும். அன்று அந்தப் பக்கமே போகாமல் மறுநாள் காலை போங்கள். முதல் நாள் வைத்த மலர்கள் அப்போதும் அங்கே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவதாக ஒரு வீடு இருக்கிறது. மோதிலால் நேரு பிளேஸில் முதலாம் எண் கட்டடம் சாஸ்திரி நினைவு இல்லமாக இருக்கிறது. பிரதமராக அவர் வாழ்ந்த வீட்டின் பகுதி அது. அவர் புழங்கிய அறைகளும் பொருள்களும், வங்கியில் 5,000 ரூபாய் கடன் பெற்று வாங்கிய ஃபியட் காரும் அங்கே உள்ளன. அவர் இறந்த பிறகு அந்தக் கடனை அவருடைய மனைவி லலிதா சாஸ்திரி தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார் என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். ஒப்பந்தக் கணக்கில் ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேர். அவர்களில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று லட்சம் பேரை இலங்கை ஏற்பது, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தவர் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தார் என்பதை அம்மா கண்ணால் பார்க்கட்டும். அந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்திராவின் வீடும் அருகில்தான், சப்தர்ஜங் சாலை முதலாம் எண். 1984 அக்டோபர் 31 அன்று அவர் சுடப்பட்டு விழுந்த நடைபாதையைக் கண்ணாடி இட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். அங்கிருந்து சற்றுத் தொலைவில், 'ஜனவரி முப்பது' என்றே பெயர் பெற்ற சாலையில் காந்தி ஸ்மிருதி இருக்கிறது. காந்தியடிகள் தம் கடைசி 144 நாள்களைக் கழித்த வீடு அது. அவர் அறையிலிருந்து பிரார்த்தனை மைதானம் வரை வைத்த கடைசி அடிகளைக் கல்லில் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்த அடிகளின் பக்கத்திலேயே நடந்துபோய் அவை நிற்கும் இடத்தில் நாமும் நிற்கும்போது ஏற்படும் கனத்தை, எத்தனை முறை போயும் நான் உணராமல் திரும்பியதில்லை. இந்த மூன்று வீடுகளுக்கும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், அன்று வேறெதையும் சேர்க்காதீர்கள். மூன்றும் திங்கட்கிழமை மூடியிருக்கும். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் கோயில் ஆகியவற்றுக்கும் திங்கள்தான் விடுமுறை. குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். உங்கள் ஐந்து நாளில் திங்கள் வந்தால் அவற்றை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்குச் சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம். நீராவி இஞ்சின்களைத் தொட்டடுத்து நின்று பார்க்கலாம்; வளாகத்துக்குள் சிறு ரயிலில் சுற்றி வரலாம், அம்மாவும் அதில் ஏறலாம். நம் மலை ரயில் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் வைத்து ஏறுகிறது என்பதை அறிந்த பிள்ளைக்கு, 1907-இல் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய ஒற்றைத் தண்டவாள ரயில் எப்படிக் கவிழாமல் போனது என்பதைக் காட்டுங்கள்: எடையில் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் இருக்க, சாயாமல் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலையிலேயே உருண்டு போகும். அன்று மாலை பக்கத்திலேயே இருக்கும் மலை மந்திருக்குப் போங்கள். இராமகிருஷ்ணபுரத்தில் ஒரு சிறு குன்றின்மேல், 1973-இல் குடமுழுக்கு நடந்த சுவாமிநாத சுவாமி கோயில் அது, உத்தர சுவாமிமலை என்று சொல்வார்கள். வெளியூர் வந்து நான்கு நாள் ஆன பிறகு, தமிழில் பெயர் சொல்லி அர்ச்சனை செய்வதைக் கேட்டால் அம்மாவின் முகம் மாறும். சில படிகள் உண்டு, மெதுவாக ஏறட்டும்.

குதுப் வளாகத்தில் கோபுரத்தைவிட இரும்புத் தூணுக்கு அதிக நேரம் கொடுங்கள். கோபுரம் 72.5 மீட்டர், 1981-இல் உள்ளே நேர்ந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு யாரையும் ஏறவிடுவதில்லை. அதன் அருகில் நிற்கும் ஏழு மீட்டர் உயர இரும்புத் தூண் குப்தர் காலத்தது, ஆறு டன்னுக்கு மேல் எடை. 1,600 ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்றும் அரித்துப்போகவில்லை. இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவானதே காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து விளக்கினார்.

விட வேண்டியவை: ஆக்ராவை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள், ஐந்து நாளில் ஒன்றை முழுதாக அது எடுத்துக்கொள்ளும். அக்‌ஷர்தாம் அழகானதே; ஆனால் கைப்பேசியையும் பையையும் ஒப்படைத்துவிட்டு நீண்ட வரிசையில் நின்று, பரந்த வளாகத்தை நடந்தே பார்க்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவரை அழைத்துப்போக நான் சொல்ல மாட்டேன்.

வெலிங்டன், ஓய்வுபெற்ற சுபேதார்

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். குன்னூர் ஐயா சொன்னவற்றில் ஓர் இடம் விடுபட்டிருக்கிறது. தேசியப் போர் நினைவிடத்துக்கு ஒரு மாலைப்பொழுதைக் கட்டாயம் ஒதுக்குங்கள்.

இந்தியா கேட்டைப் பார்க்க எல்லோரும் போவார்கள். 1931-இல் திறக்கப்பட்ட, 42 மீட்டர் உயரமுள்ள அந்த வளைவில், முதல் உலகப் போரிலும் அதையடுத்த ஆப்கன் போரிலும் ஆங்கிலேயருக்காகப் போரிட்டு இறந்த பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. பலர் வளைவின் முன் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அதன் பின்புறத்தில், சில நிமிட நடையில், 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட நினைவிடம் இருக்கிறது. விடுதலைக்குப் பிறகு நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களுக்கானது அது. இந்தியா கேட்டின் கீழே ஐம்பது ஆண்டுகள் எரிந்த அமர் ஜவான் ஜோதியையும் 2022 ஜனவரியில் இங்குள்ள சுடரோடு சேர்த்துவிட்டார்கள். கட்டணம் இல்லை. பாதை சமதரையாக இருப்பதால் உங்கள் அம்மாவுக்குச் சிரமம் இராது.

நடுவில் சுடரும் தூணும், அதைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சுவர்களும் அமைந்திருக்கின்றன. தியாகச் சக்கரம் என்ற வட்டத்தில் ஒவ்வொரு கிரானைட் பலகையிலும் ஒருவர் பெயரும் பதவியும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். 1758-இல் தொடங்கப்பட்ட நம் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இங்கே வெலிங்டனில் இருப்பதால், நீலகிரியிலும் சுற்று மாவட்டங்களிலும் அந்தச் சுவரில் யாரையாவது உடைய குடும்பங்கள் பல உண்டு. நானும் போனபோது, காஷ்மீரில் என்னோடு ஒரே பதுங்குகுழியில் இருந்த ஒருவரின் பெயரைத் தேடினேன். அங்கேயுள்ள கணினித் திரையில் பெயரைக் கொடுத்தால் எந்தச் சுவரில் எந்த இடம் என்று காட்டுகிறது. பலகையைப் படமெடுத்து வந்து அவருடைய தாயாரிடம் கொடுத்தேன். அந்த அம்மாள் அதைச் சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மகன் பெயர் தில்லியில் கல்லில் இருக்கிறது என்பதை அதுவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு வீடு இருந்தால், புறப்படும் முன் பெயரையும் படைப்பிரிவையும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

அடுத்துள்ள பரம யோதா வளாகத்தில், போர் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் இருக்கின்றன. அவற்றில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலைமுன் சிறிது நில்லுங்கள். தமிழரான அவர், மகர் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர். இந்திய அமைதிப் படையோடு இலங்கைக்குச் சென்று 1987 நவம்பர் 25 அன்று அங்கே உயிர்நீத்தார். இலங்கையில் பிறந்த உங்கள் அம்மாவுக்கு அந்தச் சிலை முன் பல எண்ணங்கள் வரலாம். அதற்காகத்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

மாலையில் சூரியன் மறையும் நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே போய்விடுங்கள். உயிர்நீத்த வீரர் ஒருவரின் குடும்பத்தார் அந்நேரத்தில் மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி நடக்கும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். உங்கள் மகன் அதைப் பார்க்க வேண்டும்.

கோத்தகிரி ஆசிரியை

ஐயா இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் எழுதியவற்றை நேற்று இரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சாஸ்திரிக்கு நினைவிடம் இருக்கிறது என்றதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கே போக வேண்டும். நன்றி சொல்லவும் போகவில்லை, குறை சொல்லவும் போகவில்லை, பார்த்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்" என்றார். ஒப்பந்தம் வந்தபோது அவருடைய பாட்டி இலங்கைப் பட்டியலிலும் இவர்கள் இந்தியப் பட்டியலிலும் போனதால், தலைமன்னாருக்கு ரயிலேறிய அன்று பார்த்ததோடு சரி, பாட்டியை மறுபடி பார்க்கவில்லை. இதை என்னிடம் அவர் சொன்னது நேற்றுத்தான்.

காலாண்டு விடுமுறையிலேயே போவதென்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து இராணுவத்துக்குப் போய் இறந்த ஒருவரின் பெயரையும் அவர் வீட்டில் கேட்டு வாங்கிவிட்டேன், சுபேதார் ஐயா.

இன்னும் சில ஐயங்கள். விமானம் வேண்டாம், ரயிலில்தான் வருவேன் என்கிறார் அம்மா. கோயம்புத்தூரிலிருந்து எந்த ரயில் நல்லது? எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. மூன்று வேளையும் சோறில்லாமல் அம்மாவால் இருக்க முடியாது. பழைய தில்லியின் நெரிசலில் அவரை அழைத்துப்போவது சரிதானா?

கூடலூர் மாணவி (தில்லியில் முதுகலை)

டீச்சருக்கு வணக்கம். என் தாத்தா பாட்டியும் மண்டபம் முகாம் வழியாகக் கூடலூருக்கு வந்தவர்கள்தாம். உங்கள் அம்மா சொன்னதைப் படித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் இருந்தும் விஜய்காட்டுக்குப் போகாத நான் நேற்று மாலையே போய்வந்தேன். அங்கே ஒரு மணி நேரத்தில் மொத்தம் ஆறேழு பேரைத்தான் பார்த்தேன். உட்கார நிழல் இருக்கிறது. குடிநீரை மட்டும் கையோடு கொண்டு போங்கள்.

ரயிலைப் பொறுத்தவரை, திருவனந்தபுரத்திலிருந்து வரும் கேரளா எக்ஸ்பிரஸ் நாள்தோறும் கோயம்புத்தூர் வழியாகத் தில்லி செல்கிறது; இரண்டு இரவுகள் ரயிலில் கழியும். சென்னைக்குப் போய்த் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிப்பதைவிட மூட்டை முடிச்சோடு வருபவர்களுக்கு இதுவே எளிது. முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பாகத் திறக்கும், விடுமுறைக் காலம் என்பதால் முதல் நாளிலேயே பதிவு செய்துவிடுங்கள். வயதில் மூத்த பெண்களுக்குக் கீழ்ப்படுக்கையில் முன்னுரிமை உண்டு, அம்மாவின் வயதைச் சரியாகக் குறிப்பிட்டாலே போதும்.

புது தில்லி நிலையத்தில் இறங்கியதும், யாராவது கனிவாகப் பேசிக்கொண்டு வந்து, உங்கள் விடுதி மூடப்பட்டுவிட்டது, பயணச்சீட்டில் கோளாறு இருக்கிறது, சுற்றுலா அலுவலகத்துக்கு வாருங்கள் என்று அழைத்தால் நிற்காமல் நடந்துவிடுங்கள். முதல் முறை வந்தபோது நானும் அப்பாவும் அப்படி ஒருவர் பேச்சை நம்பி எங்கோ ஒரு கடைக்குள் அழைத்துச் செல்லப்பட்டு இரண்டு மணி நேரத்தை இழந்தோம். நிலையத்தை ஒட்டியே மெட்ரோ இருக்கிறது. முதல் பெட்டி பெண்களுக்கானது, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட உங்கள் மகனும் உங்களோடு அதிலேயே வரலாம். எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. இந்தி தெரியாததற்காகக் கவலைப்படாதீர்கள். மெட்ரோவில் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் வரும். ஆட்டோவுக்கு மட்டும் போக வேண்டிய இடத்தைக் கைப்பேசியில் காட்டி, தொகையை எழுதிக் காட்டச் சொல்லி ஏறுங்கள்.

சோற்றுக்குக் கரோல் பாக் பக்கம் அறை எடுத்துத் தங்குவது நல்லது. தமிழர்கள் பல தலைமுறையாகக் குடியிருக்கும் பகுதி அது, இட்லியும் சாம்பார் சோறும் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும். இராமகிருஷ்ணபுரத்திலும் கனாட் பிளேஸிலும் நம் ஊர் உணவகங்கள் உண்டு. தேநீர்தான் அம்மாவுக்கு வேறு மாதிரி இருக்கும். இங்கே இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப்போட்டு நெடுநேரம் காய்ச்சுவார்கள். என் பாட்டி வந்தபோது ஒரு வாய் குடித்துவிட்டு, இதில் கொழுந்தின் மணமே இல்லையே என்று வருந்தினார். கோத்தகிரித் தூளை ஒரு பொட்டலம் எடுத்து வாருங்கள்.

பழைய தில்லிக்கு அழைத்து வாருங்கள், ஆனால் காலை எட்டு மணிக்கு. செங்கோட்டைக்கு எதிரே தொடங்கும் சாந்தினி சவுக் சாலையில் 2021 முதல் பகல் நேரத்தில் மோட்டார் வாகனங்களை விடுவதில்லை, நடுவே உட்காரக் கல் இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். ஒரு மிதிரிக்‌ஷாவை அமர்த்திக்கொண்டால் அம்மா நடக்கவே வேண்டாம். ஒரே தெருவில் சமணர் கோயில், அதற்குள் பறவைகளுக்கான மருத்துவமனை, 1675-இல் குரு தேக் பகதூர் தலை வெட்டப்பட்ட இடத்தில் எழுந்த சீஸ்கஞ்ச் குருத்வாரா, பிறகு பள்ளிவாசல் என்று வரிசையாக வரும். குருத்வாராவில் யார் போனாலும் தரையில் அமரவைத்துச் சோறிடுவார்கள். தலையை மூடிக்கொண்டு போக வேண்டும். தெருவின் மறுகோடியில் உள்ள காரி பாவ்லிதான் எனக்குப் பிடித்த இடம். மிளகும் ஏலமும் மூட்டை மூட்டையாகக் குவிந்திருக்கும் மொத்தச் சந்தை, மிளகாய் நெடியில் எல்லோரும் தும்மிக்கொண்டே விலை பேசுவார்கள். மிளகுக்கொடிகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு ஊர் நினைவு வந்தால் இங்கேதான் வருவேன். அம்மாவுக்குத் தும்மல் தொந்தரவு இருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள். செங்கோட்டையையும் அதே நாளில் பார்த்துக்கொள்ளலாம்; ஷாஜகான் 1639-இல் தொடங்கி 1648-இல் முடித்த கோட்டை. ஆனால் தசரா நாள்களில் அங்குள்ள மைதானத்தில் இராமலீலை நடக்கும், மாலையில் அந்தப் பக்கம் கூட்டம் தாங்காது.

ஒரு மாலைக்கு ஹுமாயூன் கல்லறையும் சுந்தர் நர்சரியும். கல்லறை மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை, அம்மா ஏற வேண்டாம். கீழிருந்தே முழு அழகும் தெரியும். தாஜ்மகாலுக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முந்தையது அது. ஒட்டியுள்ள சுந்தர் நர்சரி, ஆங்கிலேயர் காலத்தில் புதுத் தில்லிச் சாலைகளுக்கு மரக்கன்று வளர்க்க ஏற்பட்ட தோட்டம். பழைய கட்டடங்களைச் சீர்செய்து, நீர்வாய்க்கால் அமைத்து 2018-இல் மக்களுக்குத் திறந்தார்கள். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் உட்கார்ந்திருப்பதுபோல் நேரம் போவதே தெரியாமல் இருக்கலாம். நீங்கள் வரும் நாள்களில் எனக்கு வகுப்பு இல்லையென்றால் நானே உடன் வருகிறேன், டீச்சர்.

குன்னூர்வாசி (தில்லியில் 22 ஆண்டுகள் பணி)

இந்தப் பிள்ளை உடன் வந்தால் உங்களுக்கு வேறு வழிகாட்டி தேவையில்லை. நாள்களை இப்படி அடுக்கலாம் என்று தோன்றுகிறது. முதல் நாள் ரயில் களைப்பு இருக்கும். மதியத்துக்கு மேல் தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோ நடனப் பெண்ணையும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் மட்டும் பார்த்துவிட்டு, மாலையில் போர் நினைவிடம் போங்கள். அந்த நடனப் பெண் சிலை வெறும் 10.5 சென்டிமீட்டர்தான், தேடிப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றும் திட்டம் இருப்பதால், புறப்படும் முன் திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாம் நாள் மூன்று வீடுகள். மூன்றாம் நாள் ரயில் அருங்காட்சியகமும் மலை மந்திரும். நான்காம் நாள் காலை குதுப், மாலை சுந்தர் நர்சரி. விஜய்காட்டைக் கடைசி நாளின் காலைக்கு வைத்துவிட்டு, பழைய தில்லியை அதன் பின் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் பக்கம்தான். வீட்டைப் பார்த்து, அந்த மனிதர் யாரென்று அம்மா ஓரளவு அறிந்த பிறகு நினைவிடத்தில் நிற்பதே முறையாக இருக்கும். அன்று முதல் வேலையாக அங்கே போனால், அவர் விரும்பும் வரை இருக்கலாம், யாரும் அவசரப்படுத்த வேண்டியிராது.

ஆட்டோக்காரரிடம் விஜய்காட் என்று மட்டும் சொன்னால் சிலர் ராஜ்காட்டிலேயே இறக்கிவிட்டுவிடுவார்கள். 'சாஸ்திரிஜி சமாதி' என்று சேர்த்துச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்.